கைபேசியின் இணையம் கணினிக்கு, கணினியின் இணையம் கைபேசிக்கு



பாவித்த கணினி ஒன்றை வாங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதன் பின்னர் சனிக்கிழமை வகுப்பிலும், சந்தையிலும், பஸ்ஸிலும் என்னைக் கண்ட பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ரீச்சர், கொம்பியூட்டர் வீட்டை வந்திட்டுது. ஆனா நெற் இல்லை. போனிலை டேட்டா கிடக்கு. அதைக் கொம்பியூட்டருக்கு எடுக்கேலாதோ?"

எடுக்கலாம். போனை சார்ஜ் பண்ணும் அதே வயர் போதும்.

வேறு சிலர் இதை மாறிக் கேட்டார்கள். "மகளிர் நிலையத்துக் கொம்பியூட்டரிலை நெற் இருக்கு. என்ரை போனிலை காசு முடிஞ்சுது. வயரைக் குத்தினால் போனுக்கு நெற் வராதோ?" இதற்கும் வழி உண்டு. ஆனால் அது கொஞ்சம் சுற்று வழி. இந்த மாதம் இரண்டையும் பார்ப்போம்.

ஏன் இதை அறிந்திருக்க வேண்டும்?

எங்களிற் பலருடைய வீடுகளுக்கு இன்னும் தொலைபேசி வயர் வரவில்லை. றவுட்டர் ஒன்றை வாங்கி, மாதா மாதம் அதற்கெனத் தனியாகப் பணம் கட்டுவதும் ஒருவரின் உழைப்பில் நடக்கும் குடும்பத்துக்கு இலகுவானதல்ல. முடிந்த நேரத்தில் றீலோட் போட்டுப் பாவிக்கும் போன்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவால் பாடசாலைகள் பூட்டியிருந்தபோது, அம்மாவின் ஒரு போனை மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் படித்த வீடுகளை நான் அறிவேன். உள்ளங்கை அளவு திரையில் கணக்குப் பாடத்தைப் பார்த்த பிள்ளைகளின் கண் என்ன பாடுபட்டிருக்கும்!

இன்று பல அலுவல்கள் இணையத்தின் ஊடாகவே நடக்கின்றன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கான அனுமதி விண்ணப்பமும் அவ்வாறுதான். கடந்தகால வினாத்தாள்களைப் பரீட்சைத் திணைக்களத்தின் தளத்திலும், பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலும் இலவசமாக எடுக்கலாம். இவற்றைப் போனிலும் திறக்கலாம்தான். ஆனாலும் நீண்ட படிவமொன்றைப் பிழையின்றி நிரப்புவதற்குப் பெரிய திரையும் விசைப்பலகையும் வேண்டும்.

எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு சகோதரிக்கு இரண்டு பெண் பிள்ளைகள். கணவரைப் போரில் இழந்தவர். தையல் காசில் சேமித்து, பாவித்த டெஸ்க்டொப் ஒன்றை வாங்கினார். மூத்த மகள் உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்திருந்தார். விண்ணப்பத்தில் எந்தக் கற்கைநெறி, எந்தப் பல்கலைக்கழகம் என்று நீண்டதொரு பட்டியலை விருப்ப ஒழுங்கில் கொடுக்க வேண்டும். அந்த ஒழுங்கு மாறினால் பிள்ளையின் எதிர்காலமே மாறும். ரவுனில் உள்ள கடையில் ஒருவர் அவசரம் அவசரமாகத் தட்ட, தாயும் மகளும் பின்னால் நின்று பார்ப்பதா? அவர்கள் தங்கள் வீட்டு மேசையில், அம்மாவின் போனை வயரில் கொழுவி, மூன்று இரவுகள் இருந்து ஆறுதலாக யோசித்து நிரப்பினார்கள். அந்தப் பிள்ளை இப்போது வளாகத்தில் படிக்கிறார். அந்த வயரின் விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

வயருக்குள் என்ன நடக்கிறது?

ஆங்கிலத்தில் இதனை 'டெதரிங்' என்பார்கள். 'டெதர்' என்றால் ஆடு மாட்டை முளையில் கட்டி விடும் கயிறு. கணினியைப் போனில் கட்டி விடுகிறோம், அவ்வளவுதான். அன்ட்ரொயிட் போன்களில் 2010இல் வந்த 2.2 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. ஆகவே உங்களிடம் உள்ள பழைய போனிலும் அது இருக்கும்.

போன் இங்கே ஓர் உப தபாலகம் போல வேலை செய்கிறது. வெளியூரிலிருந்து வரும் கடிதங்கள் தபாலகத்துக்கு வரும். தபாற்காரர் எந்த வீட்டுக்கு எது என்று பிரித்துக் கொடுப்பார். அதேபோல, சிம் ஊடாக வரும் இணையத்தைப் போன் வாங்கி, கணினிக்கென்று தானே ஓர் உள்ளூர் இலக்கத்தைக் கொடுத்து, கணினி கேட்டதை அதற்கு அனுப்புகிறது. கணினியோ தனக்கு ஒரு வலையமைப்பு வயர் கொழுவப்பட்டிருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளும்.

வைஃபை ஹொட்ஸ்பொட் போட்டும் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கொடுக்கலாம். ஆனால் பழைய டெஸ்க்டொப் பலவற்றில் வைஃபை இல்லை. வயரில் கொடுத்தால் போனும் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் யாரும் உங்கள் டேட்டாவில் ஏறிக்கொள்ளவும் முடியாது.

போனிலிருந்து கணினிக்கு

முதலில் வயரைப் பாருங்கள். சாதாரண யூ.எஸ்.பி. வயரின் தட்டையான முனைக்குள் நான்கு தொடுகைகள் இருக்கும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. மலிவான சில வயர்களில் மின்சாரத்துக்கான கம்பிகள் மாத்திரமே இருக்கும். அவை சார்ஜ் பண்ணும், வேறொன்றும் செய்யாது. கணினியில் கொழுவியவுடன் போனின் மேலே 'யூ.எஸ்.பி.' என்று ஓர் அறிவித்தல் வந்து, 'ஃபைல் ட்ரான்ஸ்ஃபர்' போன்ற தெரிவுகள் காட்டினால் அது நல்ல வயர். சார்ஜ் மட்டும் ஆனால் வேறு வயரைப் போட்டுப் பாருங்கள். டெஸ்க்டொப் என்றால் பின்பக்கத் துளையில் கொழுவிப் பாருங்கள். முன்பக்கத் துளைகள் பல நேரங்களில் தளர்ந்திருக்கும்.

பின்னர் இவ்வாறு செய்யுங்கள்:

1. போனில் மொபைல் டேட்டாவைப் போடுங்கள். போனில் ஓர் இணையப் பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். போனில் இல்லாதது கணினிக்கு வராது.

2. போனையும் கணினியையும் வயரால் இணையுங்கள்.

3. போனில் 'செற்றிங்ஸ்' சென்று, 'நெற்வேர்க் அன்ட் இன்ரநெற்' என்பதற்குள் 'ஹொட்ஸ்பொட் அன்ட் டெதரிங்' என்பதைத் திறவுங்கள். சம்சுங் போன்களில் 'கனெக்ஷன்ஸ்' என்பதற்குள் 'மொபைல் ஹொட்ஸ்பொட் அன்ட் டெதரிங்' என்று இருக்கும்.

4. அங்கே 'யூ.எஸ்.பி. டெதரிங்' என்பதை ஒன் செய்யுங்கள். வயர் கொழுவாதிருந்தால் இது மங்கலாகவே இருக்கும், அழுத்த முடியாது.

5. முதல் தடவை கணினி ஓரிரு நிமிடங்கள் எடுக்கும். பொறுங்கள். 'பப்ளிக்' வலையமைப்பா 'பிறைவேற்' வலையமைப்பா என்று கேட்டால் 'பப்ளிக்' என்பதைத் தெரியுங்கள். அதுவே பாதுகாப்பானது.

ஐபோன் வைத்திருப்பவர்கள் 'பேர்சனல் ஹொட்ஸ்பொட்' என்பதைத் திறந்து மற்றவர்களை அனுமதிக்கும் ஆளியை ஒன் செய்ய வேண்டும். விண்டோஸ் கணினியில் வயர் ஊடாக இது வேலை செய்வதற்கு அப்பிள் நிறுவனத்தின் ஐரியூன்ஸ் போன்ற மென்பொருள் தேவைப்படலாம்.

வயரைக் கழற்றினால் டெதரிங்கும் நின்றுவிடும். மீண்டும் கொழுவும்போது நான்காவது படியைத் திரும்பச் செய்ய வேண்டும். சில போன்களில் அழைப்பு வந்தால் இணையம் இடையில் நிற்கும். எனவே விண்ணப்பத்தை அனுப்பும் கடைசிக் கட்டத்தில் யாருடனும் கதைக்காதிருப்பது நல்லது. போன் சூடாகும். தலையணை மேலோ துணிக்குள்ளோ வைக்காமல் மேசை மேல் வையுங்கள்.

"காசு கரையாதோ?"

வகுப்பில் எப்போதும் வரும் அடுத்த கேள்வி இதுதான். கவனிக்காவிட்டால் கரையும். போன், டேட்டாவைப் பார்த்துப் பார்த்துக் குடிக்கும். கணினியோ தனக்கு எல்லையில்லாத இணைப்புக் கிடைத்துவிட்டதென்று எண்ணி, நீங்கள் கேட்காத அப்டேற்களையும் பின்னால் இறக்கத் தொடங்கும். ஒரு கிழமைக்கென்று போட்ட டேட்டா ஓர் இரவில் முடிந்த கதைகள் எங்கள் வகுப்பில் நிறைய உண்டு.

இதற்கு விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஒரு பூட்டு இருக்கிறது. கணினியின் 'செற்றிங்ஸ்' சென்று, 'நெற்வேர்க் அன்ட் இன்ரநெற்', பின்னர் 'ஈதர்நெற்' என்பதைத் திறந்து, 'மீற்றட் கனெக்ஷன்' என்பதை ஒன் செய்யுங்கள். "இது அளந்து காசு கொடுக்கும் இணைப்பு, பார்த்துச் செலவழி" என்று கணினிக்குச் சொல்வதே இது. பெரும்பாலான அப்டேற்கள் இதனால் நின்றுவிடும். இணைக்கும் ஒவ்வொரு முறையும் அது ஒன்னில் இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். அப்டேற்களை அடியோடு நிறுத்திவிடவும் கூடாது, அவை கணினியின் பாதுகாப்புக்குத் தேவை. லப்டொப் என்றால் மாதத்தில் ஒரு நாள் நிலையத்துக்குக் கொண்டுவந்து செய்துகொள்ளலாம்.

அடுத்து, நீங்கள் வாங்கும் டேட்டா எப்படிப்பட்டது என்று பாருங்கள். வட்ஸ்அப், பேஸ்புக், யூரியூப் இவற்றுக்கு மட்டுமான பொதிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றைப் போட்டுக்கொண்டு கணினியில் வேறு தளங்களைத் திறந்தால், அந்தச் செலவு உங்கள் மீதிப் பணத்திலிருந்து கழியும். எல்லாத் தளங்களுக்கும் பொதுவான டேட்டாவே இங்கு வேண்டும். சில பொதிகளில் இரவுக்கென்று தனி டேட்டா தருகிறார்கள். பாடநூல் போன்ற பெரிய கோப்புகளை அந்த நேரத்தில் இறக்கி வைத்தால் பகல் டேட்டா மிஞ்சும். வீடியோ பார்க்கும்போது தரத்தை 360 என்ற அளவுக்குக் குறையுங்கள். பாடம் விளங்க அது போதும். சூம் வகுப்பில் பிள்ளை தன் கமராவை ஓஃப் செய்தால் மேலும் மிச்சம்.

கணினியிலிருந்து போனுக்கு

இனி மற்றப் பக்கம். ஒரு கணினியின் இணையத்தை இன்னொரு கணினியுடன் பகிரும் வசதி 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே இருந்தது. ஆனால் அன்ட்ரொயிட் போன்கள் வயர் ஊடாக இணையத்தைக் கொடுப்பதற்கே பழக்கப்பட்டவை. வாங்குவதற்கு அவற்றின் செற்றிங்ஸில் ஆளி இல்லை. எனவே முதலில் உங்களுக்கு உண்மையில் என்ன தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு படிவமோ வினாத்தாளோ போனில் வேண்டும் என்றால் இணையத்தைப் பகிரவே தேவையில்லை. கணினியில் அதை இறக்கி, போனை வயரில் கொழுவி, 'ஃபைல் ட்ரான்ஸ்ஃபர்' என்பதைத் தெரிந்து போனுக்குள் போட்டுவிடலாம். ஒரு சதமும் செலவில்லை.

கணினியில் வைஃபை இருந்தால், விண்டோஸ் 10, 11இல் 'நெற்வேர்க் அன்ட் இன்ரநெற்' என்பதற்குள் 'மொபைல் ஹொட்ஸ்பொட்' என்று ஓர் ஆளி இருக்கிறது. அதை ஒன் செய்தால் கணினியே றவுட்டர் ஆகிவிடும். அங்கே காட்டும் பெயரையும் கடவுச்சொல்லையும் போனில் கொடுத்தால் சரி. வைஃபை இல்லாத டெஸ்க்டொப்புக்கு விரல் நுனி அளவான யூ.எஸ்.பி. வைஃபை டொங்கிள் ஒன்று போதும்.

வயர் ஒன்றுதான் வழி என்றால், க்னிரெஹ்டெட் என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. 'டெதரிங்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பின்னாலிருந்து எழுதினால் வரும் பெயர் இது. 2017இல் வெளியானது. போனை உடைத்துத் திறக்கும் 'றூற்' வேலை எதுவும் இதற்குத் தேவையில்லை. ஆனால் போனில் 'டெவலப்பர் ஒப்ஷன்ஸ்' என்பதைத் திறந்து 'யூ.எஸ்.பி. டிபகிங்' என்பதை ஒன் செய்ய வேண்டும். கணினியில் மென்பொருளை ஓட விட்டதும் வீ.பீ.என். அனுமதி ஒன்றைப் போன் கேட்கும். அனுமதித்தால் இணையம் வரும். இதனை நம்பிக்கையான ஒருவரின் துணையுடன் உங்கள் சொந்தக் கணினியில் மாத்திரம் செய்யுங்கள். வேலை முடிந்தவுடன் 'யூ.எஸ்.பி. டிபகிங்' என்பதை மறக்காமல் ஓஃப் செய்யுங்கள். அந்தக் கதவு திறந்திருந்தால், நீங்கள் அனுமதித்த கணினி உங்கள் போனுக்குள் புதிய செயலிகளைக்கூட ஏற்றிவிட முடியும்.

யாருடைய கணினியில் கொழுவுகிறோம்?

இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். அந்தச் சிறிய வயர் மின்சாரத்தை மட்டுமல்ல, உங்கள் போனில் உள்ளவற்றையும் கொண்டுபோகும்.

தனியாகக் குடும்பத்தை நடத்தும் ஒரு சகோதரி, கடையொன்றில் ஓர் ஆவணத்தைப் பிரதி எடுக்கப் போனைக் கொடுத்தார். கடையில் இருந்தவர் தானே போனை வாங்கிக் கணினியில் கொழுவினார். சில நாட்களின் பின் முன்பின் தெரியாத இலக்கத்திலிருந்து அவருடைய படங்களே அவருக்கு வந்தன. அவர் அதை யாருக்கும் சொல்லவில்லை. ஆண் துணை இல்லாத பெண் என்றால் ஊர் என்ன கதைக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? மாதக்கணக்கில் அந்தப் பயத்தைத் தனியே சுமந்தார்.

அவர் செய்தது எதுவும் குற்றமல்ல. செய்தவர்தான் குற்றவாளி. இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. அனுமதியின்றி ஒருவரின் தரவுகளைப் பெறுவது அதன்படி தண்டனைக்குரியது. இவ்வாறு நடந்தால் வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். அவையே சாட்சி. பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பிரிவில் முறையிடலாம். பெண்களுக்கான 1938 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

நடக்காமல் தடுப்பதற்குச் சில பழக்கங்கள்:

போனை வேறொருவர் கையில் கொடுக்காதீர்கள். வயரை நீங்களே கொழுவுங்கள்.

சார்ஜ் பண்ண மட்டும் கொழுவினால், போன் கேட்கும் கேள்விக்குச் 'சார்ஜ் ஒன்லி' அல்லது 'நோ டேட்டா ட்ரான்ஸ்ஃபர்' என்பதைத் தெரியுங்கள். ஐபோன் 'இந்தக் கணினியை நம்புகிறீர்களா' என்று கேட்கும். பிறர் கணினி என்றால் 'இல்லை' என்று சொல்லுங்கள். போன் பூட்டியிருந்தால் தரவுகளை எடுக்க முடியாது. ஆகவே திரைப்பூட்டு கட்டாயம் இருக்கட்டும்.

ஓர் ஆவணத்தைப் பிரதி எடுக்க வேண்டுமா? அதை மட்டும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். முழுப் போனையும் திறந்து விட வேண்டாம்.

பிறர் கணினியில் வட்ஸ்அப்பை இணைத்திருந்தால் எழும்ப முன்னர் வெளியேறுங்கள். 2021இன் பின் வந்த முறையில், உங்கள் போன் ஓஃப் ஆகியிருந்தாலும் இணைத்த கணினியில் செய்திகள் வந்துகொண்டே இருக்கும். போனில் 'லிங்க்ட் டிவைசஸ்' என்பதைத் திறந்து பாருங்கள். தெரியாத கணினி ஏதும் இருந்தால் உடனே 'லொக் அவுட்' செய்யுங்கள்.

இன்னொரு வேலை

வயரும் கணினியும் கையில் இருக்கும்போது இன்னொன்றையும் செய்துவிடுங்கள். 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடியபோது எங்கள் அல்பங்கள் எல்லாம் பதுங்குகுழிகளிலும் வழிகளிலும் போய்விட்டன. பிறகு உறவினர் ஒருவரிடமிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்த ஒரேயொரு படம்தான் பலருக்கு மிஞ்சியது. கணவரின் படம், காணாமல் போன மகனின் படம், முறைப்பாடு கொடுத்த கடிதங்களின் படம் எல்லாம் அந்த ஒரு போனுக்குள்தான் இருக்கின்றன. அந்தப் போன் கிணற்றில் விழுந்தால்?

போனை உங்கள் கணினியில் கொழுவி, 'ஃபைல் ட்ரான்ஸ்ஃபர்' தெரிந்து, கணினியில் போனின் பெயரைத் திறவுங்கள். 'டீ.சி.ஐ.எம்.' என்ற ஃபோல்டருக்குள் கமராவில் எடுத்த படங்கள் இருக்கும். வட்ஸ்அப்பில் வந்தவை வேறு ஃபோல்டரில் இருக்கும், அவற்றையும் தேடுங்கள். எல்லாவற்றையும் கணினிக்குப் பிரதி செய்யுங்கள். பின்னர் பென் டிரைவ் ஒன்றிலும் ஒரு பிரதி எடுத்து, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வைத்திருக்கும் பையிலேயே வையுங்கள். இதற்கு டேட்டாவே வேண்டாம். அரை மணித்தியாலம் போதும்.

எங்கள் வகுப்பில் ஒரு அம்மா இதைச் செய்து முடித்துவிட்டு, "இனிப் போன் துலைஞ்சாலும் பிள்ளை துலையமாட்டான்" என்றார். அதன் பிறகு அன்றைக்கு வேறு பாடம் எதுவும் நடக்கவில்லை.

அடுத்த மாதம், தையல், பலகாரம், மிளகாய்த்தூள் போன்ற சுயதொழில் செய்பவர்கள் வரவு செலவுக் கணக்கைக் கணினியில் எழுதுவது எப்படி என்று பார்ப்போம். அதுவரை இந்த மாதம் சொன்னதை உங்கள் போனில் ஒருதரம் செய்து பாருங்கள். எந்தப் படியில் தடைப்படுகிறதோ அதை ஒரு துண்டில் எழுதி உங்கள் கிராமத்து மாதர் சங்கத்தில் கொடுத்துவிடுங்கள். என் கைக்கு வந்து சேரும்.